லால்பேட்டைச் சந்திப்புக்கு இரண்டு மதிப்பெண்

இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை என்பதற்காக ஒருத்தி கடல் தாண்டிப் போகவேண்டுமா என்று என் கணவர் கேட்டார். மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்தபடி கேட்டார். எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது. ஆனால் அதுதானே என் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நல்ல மனதோடு உதவினால் மட்டும் போதாது, அந்த உதவி நிஜமாகவே யாருக்காவது பயன்படுகிறதா என்று பார்த்து உதவவேண்டும் என்று சொல்கிற ஓர் இயக்கம் இருக்கிறது. எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்பார்கள். ஊருக்கு ஊர் சின்ன வட்டங்கள். படிப்பார்கள், விவாதிப்பார்கள், கூட்டம் போடுவார்கள், அப்புறம் சண்டை போட்டுக்கொள்வார்கள். படிக்கவும் விவாதிக்கவும் சொல்லித்தர வேறு ஆட்கள் உண்டு. கூட்டம் நடத்துவது எப்படி என்று சொல்லித்தருவதும், சண்டை வந்தால் போய் உட்கார்ந்து கேட்பதும் என் பங்கு. பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது "உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்" என்று ஆரம்பித்தாலே எனக்குக் கழுத்து வலிக்கிறது.

கடலூரும் சிதம்பரமும் சேர்ந்து ஒரு வட்டம். இரண்டு பேர் அதைக் கட்டிக் காத்துவந்தார்கள். கடலூரில் அருள், கணக்கு டியூஷன் எடுப்பவர். சிதம்பரத்தில் யாஸ்மின், மருந்துக்கடையில் வேலை, புகுந்த வீடு லால்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் வருடாந்தரக் கூட்டம். இருவரும் பேசி ஆறு வாரம் ஆகியிருந்தது. யாஸ்மின் விலகினால் வட்டத்தின் கூட்டங்களுக்கு வர ஒரு பெண்கூட மிஞ்சமாட்டாள் என்பதும் அப்படி ஒரு வட்டம் ஆறே மாதத்தில் வெறும் வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். பல ஊரில் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். முந்தின நாள் மழை பெய்திருக்கிறது. மைதானம் முழுக்கச் சேறு, அதன் ஓரத்தில் அருள் ஸ்கூட்டரோடு நின்றார். என் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, முதல் திருப்பத்திலேயே பெட்டியை விட்டார். அது சேற்றில் மல்லாந்து விழுந்தது. "ஒண்ணும் ஆகலக்கா" என்று தன் கைக்குட்டையால் துடைத்தார். ஆகியிருந்தது. நான்கு நாளும் ஒரு சக்கரம் சுற்றாத பெட்டியோடுதான் அலைந்தேன்.

மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு. புளியும் காரமும் ஒன்றையொன்று விரட்டின. எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் விட்டு எல்லாவற்றையும் சமாதானம் செய்துவிடுவோம். பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா ஸ்ரீலங்காங்களா?" என்றார். மலேசியா என்றேன். "அங்க மீனு ஜாஸ்தி வெலையா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அருளுக்கு முப்பத்துநான்கு வயது. ஞாயிறு காலை சர்ச் பூசையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறார் என்று அவருடைய அம்மாவுக்குக் கோபம். அதற்காகச் சனி மாலைப் பூசைக்குத் தவறாமல் போய்விடுகிறார். அப்படி எதையும் நேராக்கிவைத்துக்கொள்ளும் மனிதர். சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியில் வட்டத்தின் மதிப்பெண் தாளைத் திறந்தார். நான் ஏற்கெனவே படித்ததுதான், மறுபடி படித்தேன்.

யாஸ்மின் தன் மாமியார் வீட்டில் பெண்களைக் கூட்டி ஒரு சந்திப்பு நடத்தியிருக்கிறாள். வருடாவருடம் கொடுக்கவேண்டிய ஜகாத் தர்மத்தை யாருக்குக் கொடுத்தால் அதிகம் பயன், சொந்தத்துக்கா, பக்கத்துத் தெருவுக்கா, முகம் தெரியாத தூரதேசத்துக்கா என்று பேச்சு. முடிந்ததும் பிரியாணி. வட்டத்தின் வழக்கப்படி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மற்றவர் மதிப்பெண் போடவேண்டும். அருள் பத்துக்கு இரண்டு போட்டிருந்தார். பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறிப்பு: 'வந்தவர்களில் பலர் பிரியாணிக்காக வந்தவர்கள். மீண்டும் நடத்தத் தேவையில்லை.' அந்தத் தாள் இணையத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடியது. யாஸ்மின் வீட்டில் ஒரு கல்லூரிப் பெண் திறந்து பார்த்து, சத்தமாக வாசித்தும் காட்டிவிட்டாள்.

"நான் நடத்துன கூட்டத்துக்கு நானே மூணுதான் போட்டுக்கிட்டேன். அதைப் பத்தி யாராச்சும் பேசுறாங்களா?" என்றார் அருள். "தகவல் தப்புன்னு யாஸ்மினே சொல்லலியேக்கா. வேற எழுதியிருந்தா பொய்யி எழுதுன மாரி ஆவுமே."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாளை வடிவமைத்தது நான். 'வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்' என்ற கட்டத்தைச் சேர்த்தது நான். எதையும் ஒளிக்காதீர்கள், எல்லாருக்கும் திறந்து வையுங்கள் என்று வகுப்பெடுத்ததும் நான்தான். அருள் நல்ல மாணவர், சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்.

களைப்பாக இருந்தது. களைப்பில் முதலில் தோன்றியதைச் சொன்னேன். எங்கள் வட்டங்களில் 'நம் தவறுகள்' என்று ஒரு பக்கம் வைத்திருப்போம். செய்த பிழையை நாமே எழுதி, எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவது. பினாங்கில் இரண்டு வருடச் சண்டை ஒன்று அப்படித்தான் தீர்ந்தது. "அதுல எழுதிப் போடுங்க அருள்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அரை மணி நேரத்தில் எழுதி, என்னிடம் காட்டி, வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். நான் மேலோட்டமாகப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை, மன்னிப்பு இருந்தது, கடைசியில் என் ஆலோசனைக்கு நன்றியும் இருந்தது. விடுதிக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சிதம்பரம் பேருந்து. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கீழே ஏதோ உடைகிற சத்தம். கண்டக்டர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் எறங்குங்க. பின்னாடி வண்டி வருது."

"எப்ப வரும்?" என்றேன்.

"வரும்."

எங்கள் ஊரில் பத்து நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வரும். இங்கே அந்தப் பொய்கூட இல்லை. புளியமரத்தடியில் நின்றோம். நண்டுக்கூடையோடு வந்த ஓர் அம்மாள் தன் கூடையை என் பெட்டிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, "புள்ளைங்க எத்தினி?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். "பாக்க கஸ்டமில்லாமதான் இருக்கிற" என்றார். அது ஆறுதலா குறையா என்று தெரியவில்லை. அப்போதுதான் யாஸ்மினின் செய்தி வந்தது.

'அக்கா, நீங்க சொல்லித்தான் அதைப் போட்டாராமே.'

தவறுகள் பக்கத்தைத் திறந்து, இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். எந்த வாக்கியத்துக்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்று வாசகர்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால், அருள் அந்த வாக்கியத்தை முழுதாக, தடித்த எழுத்தில் மேலே எடுத்துப் போட்டிருந்தார். தாளை அதுவரை நாலைந்து பேர் திறந்திருந்தால் அதிகம். இது குழுவில் இருந்த எல்லாருடைய கைக்கும் நேராகப் போய்விட்டது. லால்பேட்டைக்கு வந்த பெண்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். சந்திப்புக்கு வந்தவர்களைக் குழுவில் சேர்த்துத் தொடர்பில் வைத்திருங்கள் என்பது என்னுடைய இன்னொரு பாடம். 

சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் ஓர் உணவகத்தில் இட்லியும் கொத்சும் வாங்கி, பாதிக்குமேல் இறங்காமல் வைத்துவிட்டு, மருந்துக்கடைக்குப் போனேன். கத்தரிக்காய்க் கொத்சு அருமையாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குற்றம் அதன்மேல் இல்லை.

யாஸ்மின் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினாள். வாடிக்கையாளர் வரும்போது நிறுத்துவாள். அவர் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். கணினித் திரையில் மூன்று வருடமாகப் பார்த்த முகம், நேரில் இன்னும் சின்னதாக இருந்தது.

"எங்க ஊட்டுக்காரர் சார்ஜாவுல இருக்காரு. ஆம்பளைங்க இருக்குற கூட்டத்துக்கு இவ எதுக்குப் போறான்னு சொந்தக்காரங்க கேட்டப்ப எங்க மாமிதான் எனக்காகப் பேசுனாங்க. ஏளைங்களுக்கு நல்லது செய்யப் போறா, ஒங்களுக்கு என்னன்னு. அந்த மாமிதான் அன்னைக்கு விடியக்காலையில எந்திரிச்சி ஆக்குனாங்க." ஒரு முதியவருக்கு இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். "ரெண்டு மார்க்கு போட்டது பரவால்லக்கா. நம்ம வழக்கம்தானே. நானும் அவருக்குப் போட்டிருக்கேன். ஊட்டுக்கு வந்தவங்களைப் பத்தி எழுதலாமா?"

எழுதச் சொன்னது நான் என்றேன். தெரியும் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை வருவேன், வரேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எனக்குத் தெரியலக்கா."

மாமியைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சனிக்கிழமை தனக்கு அரைநாள் வேலைதான், மதியம் போகலாம் என்றாள்.

சனிக்கிழமை காலை அருள் கடலூரிலிருந்து வந்து, மாமியிடம் கொடுக்கச் சொல்லி மூன்று பக்கக் கடிதம் தந்தார். தானும் வரவேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். குமராட்சி வழியாகப் போகும் பேருந்தில், யாஸ்மின் ஜன்னலோரம் கண் மூடியிருந்தபோது அதைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்க, இரண்டு மதிப்பெண் என்றால் மோசம் என்று பொருளல்ல என்ற விளக்கம். ஓர் அட்டவணையும் இருந்தது. மடித்துக் கைப்பையின் அடியில் திணித்தேன்.

வழியெல்லாம் வயல், பச்சை கண்ணைக் குளிர வைத்தது. லால்பேட்டையில் இறங்கியதும் ஏரிக்காற்று அடித்தது. வளைகுடாப் பணத்தில் கட்டிய பெரிய வீடுகள், கண்ணாடி பதித்த மாடிகள், அவற்றுக்கு நடுவில் தகரக்கூரைகள். எங்கள் பக்கத்தில் பணக்காரத் தெரு வேறு, ஏழைத் தெரு வேறு. இங்கே சுவரோடு சுவர் ஒட்டி நின்றன.

யாஸ்மினின் மாமியார் ஹபீபா மாமி கதவைத் திறந்து சலாம் சொல்லி, உட்காரவைத்து, நன்னாரி சர்பத் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வந்ததைச் சொன்னேன். முந்தின நாளிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. பாதியிலேயே கையமர்த்தினார்.

"எனக்கு அதுல வருத்தம் இருந்துச்சு, இல்லேங்கல. அப்புறம் போயிருச்சு. பிரியாணின்னா பத்துப் பேரு வரத்தான் செய்வாங்க. நல்லா இல்லைன்னா வரமாட்டாங்க. அந்தப் புள்ள ருசிக்கு மார்க்கு போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா, முடிந்தது, நாளைக்கு இருவரையும் கைகுலுக்க வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்று மனம் பெட்டி கட்ட ஆரம்பித்தது.

"ஆனா நூர்ஜஹான் வரமாட்டேங்குறாம்மா" என்றார் மாமி.

நூர்ஜஹான் அடுத்த தெரு. கணவர் இறந்து மூன்று வருடம், இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டில் தையல். இந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வந்துவிடுவாள். கடைசிவரை நின்று பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவாள். யாஸ்மின் நடத்திய சந்திப்புக்கும் அப்படித்தான் வந்தாள். அந்தப் பழைய தாளைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. வியாழக்கிழமை குழுவில் வந்த மன்னிப்பை அவள் மூத்த மகள் போனில் பார்த்திருக்கிறாள்.

"நேத்து ஜும்ஆ தொழுகை முடிஞ்சி சோறு குடுத்தனுப்புனேன். வாரா வாரம் குடுக்குறதுதான். 'நாங்க சாப்புட்டாச்சு மாமி'ன்னு திருப்பி அனுப்பிட்டா. அது வரைக்கும் ஒரு தடவகூட திருப்புனதில்ல." மாமி தாழ்ந்த குரலில் சொன்னார். "மத்தவங்கல்லாம் பொளுது போக்க வந்தாங்க. நெசமா சோத்துக்கு வந்தவ அவ ஒருத்திதான். அவளுக்குத்தானே அது சுருக்குனு பட்டிருக்கும்."

சர்பத் டம்ளரைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. யாருக்கு உதவினால் அதிகம் பயன் என்று தூரதேசம்வரை போய்த் தேடிய அந்தப் பேச்சின் நடுவில், பசித்த ஒருத்தி உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். எங்கள் தாளில் அவள் வந்ததால் மதிப்பெண் குறைந்தது. அதையும் ஆறு வாரம் அவள் கண்ணில் படாமல் காப்பாற்றி வைத்திருந்த அதிர்ஷ்டத்தை, ஒரு மீன் குழம்புச் சாப்பாட்டுக் களைப்பில் நான் கெடுத்தேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடவேண்டியதில்லை.

"நான் போய் அவங்களைப் பாக்குறேன்" என்று எழுந்தேன்.

யாஸ்மின் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வேணாங்க்கா. நீங்க போயி மன்னிப்புக் கேட்டா அது அவளைப் பத்திதான்னு ஊர்ஜிதமாயிடும். இப்ப வரைக்கும் அவளுக்கு ஒரு சந்தேகம்தான். அதையாவது விட்டு வைங்க."

பதினோரு வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொடுக்காத சண்டை இல்லை. கேட்கவே கூடாத மன்னிப்பு ஒன்று இருக்கும் என்று யோசித்ததில்லை. மாமி எங்களை உட்காரவைத்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறினார். மறுக்கிற தகுதி எனக்கு இல்லை என்பதால் தட்டில் விழுந்தது எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

வெளியே வந்து அருளைக் கூப்பிட்டு, தாளில் இருக்கும் குறிப்பு, தவறுகள் பக்கம், குழுவில் போட்ட செய்தி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன்.

"அழிக்கிறது நம்ம கொள்கைக்கே விரோதமாச்சேக்கா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"அருள், உண்மையிலயே பசிச்சு வந்தவங்க ஒருத்தங்க அதுல இருந்தாங்க. அவங்க படிச்சிட்டாங்க."

   "சாரிக்கா, பூசைக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். நான் சிதம்பரம் திரும்பி வந்து பார்த்தபோது மூன்றும் இல்லை. குழுவில் மட்டும், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி நின்றது. அதைப் பார்க்கிறவர்கள் என்ன நீக்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன், பிறகு யோசிப்பதை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நன்றாக நடந்தது. எல்லாரும் வந்தார்கள், சிலர் நேரத்துக்கே வந்தார்கள். விழுப்புரம், மங்கலம்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள். யாஸ்மின் வாசலில் நின்று பெயரெழுதிய அட்டைகளைக் கொடுத்தாள், ஒலிபெருக்கி இரைந்தபோது போய்ச் சரிசெய்தாள், யார் யாரோடு பேசவேண்டும் என்று ஜோடி சேர்த்துவிட்டாள். அருள் அவள் அருகில் போய் ஏதோ சொல்ல நின்றார். ஒன்றும் சொல்லாமல், அவள் தூக்கிக்கொண்டிருந்த மேசையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னால் அவள் என்னிடம் வந்தாள். தோளில் பை இருந்தது.

"நான் கெளம்புறேங்க்கா. குழுவுலேர்ந்தும் வெலகிட்டேன். அருள்கிட்ட சொல்லிட்டேன். அவர் மேல கோவம் இல்ல. ஒங்க மேலயும் இல்ல."

கோபம் இல்லையென்றால் இருக்கலாமே என்றேன். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இந்த ஒரு வாக்கியத்தால் பலரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

"நூர்ஜஹான் மட்டும் இல்லக்கா. நேத்து எங்க சின்ன மாமி வந்தாங்க. தட்டை வச்சா, 'நான் ஒன்னைப் பாக்கத்தான் வந்தேன், சாப்பிட வரல'ன்னு சொல்லிட்டு எடுக்குறாங்க. வெளையாட்டாத்தான் சொல்றாங்க. ஆனா சொல்லிட்டுத்தான் எடுக்குறாங்க." பையை இழுத்து மாட்டிக்கொண்டாள். "நான் இதுல இருக்குற வரைக்கும் எங்க ஊட்டுல யாரும் நிம்மதியா சாப்புட மாட்டாங்கக்கா."

 போய்வா என்றேன். படியிறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

உள்ளே சாப்பாடு வந்துவிட்டது. சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மூடிகளைத் திறந்ததும் மண்டபம் முழுக்க நெய்யும் பெருங்காயமும் மணத்தது. "சாப்பிடலாம் வாங்க" என்று அருள் அழைத்தார். வந்திருந்த எல்லாரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் அங்கங்கே நின்று, கைப்பேசியைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவரோடு காலை விவாதத்தைத் தொடர்ந்தார்கள். "நீங்க போங்க," "இல்லங்க, நீங்க மொதல்ல" என்று ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். தட்டு அடுக்கிவைத்த மேசைக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் அந்தக் குழுவில் இருப்பவர்கள், எல்லாரும் அந்த மன்னிப்பைப் படித்தவர்கள்.

எனக்குப் பசித்தது. நான் போய் முதல் தட்டை எடுத்தேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை.